“கன்டாமினேஷன் மாதிரி இருக்கு சார்”

1/
இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் அபூர்வமாக நுழையும் ஒரு கிருமியைப் பற்றி எழுதப் போகிறேன். கூடவே, பல வருடமாக நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. உங்கள் வீட்டில், தெருவில், ஆபீசில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

2/
நான் அப்போது பயிற்சி மருத்துவன். ரத்தப் புற்றுநோய் வார்டில் இரவு டியூட்டி. 19 வயதுப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். அவள் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். ஏ.எம்.எல். என்கிற தீவிர வகை ரத்தப் புற்றுநோய். முதல் சுற்று கீமோ முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை.

3/
இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமி உள்ளே வந்தால் முதலில் ஓடிப்போய் சண்டை போடும் ஆட்கள் இவர்கள்தான். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 2000 முதல் 7000 வரை இருப்பார்கள். 500க்குக் கீழே போனால் ஆபத்து. 100க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. பாப்பாவுக்கு அன்று 60.

4/
இது புதுசாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1966லேயே அமெரிக்காவில் ஜெரால்ட் போடி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் எண்ணிக் காட்டிவிட்டார்கள். இந்த அணுக்கள் எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் குறைந்தே கிடக்கிறதோ, அவ்வளவுக்கு நோய்த்தொற்று கூடும். இன்றைக்கும் நாங்கள் தினமும் காலையில் ‘கவுண்ட் என்ன?’ என்று கேட்பதற்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

5/
இன்னொரு பக்கம், கீமோ மருந்துக்குப் புற்றுநோய் அணு எது, நல்ல அணு எது என்று முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பிரிந்து வளரும் எல்லாவற்றையும் அடிக்கும். வாயின் தோல், குடலின் உள்பூச்சு எல்லாம் உரிந்துவிடும். அதாவது காவல்காரனும் இல்லை, மதில் சுவரும் இடிந்து கிடக்கிறது. சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாத கிருமிகூட அப்போது குடலில் இருந்து நேராக ரத்தத்துக்குள் போய்விடும்.

6/
சரி, கதைக்கு வருகிறேன். அன்றைக்கு முந்தின நாள் இரவு பாப்பா முதல்முறையாக வாயைத் திறந்து, ‘அம்மா, எலுமிச்சை சாதம் இருக்கா?’ என்று கேட்டிருக்கிறாள். ஒரு வாரம் பட்டினி கிடந்த பிள்ளை கேட்கிறது. எந்த அம்மா யோசிப்பார்? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எடுத்திருந்த வாடகை ரூமில் காலையில் தனக்காகச் செய்து டிஃபன் கேரியரில் வைத்திருந்த சாதம். நாலு வாய் ஊட்டினார். பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று சிஸ்டரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம்.

7/
இரவு 11 மணி வாக்கில் வாந்தி. கீமோ வார்டில் வாந்தியை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே எல்லாரும்தான் வாந்தி எடுக்கிறார்கள். ஊசி போட்டார்கள், தூங்கிவிட்டாள். மறுநாள் மதியம் 3 மணிக்குக் காய்ச்சல், 101 டிகிரி. ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிட்டார்கள். அதுவரை எல்லாம் சரி.

8/
ஒரு சின்ன விஷயம் தவிர. பிளட் கல்ச்சர் என்றால் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுக்க வேண்டும். அவளுக்கு நரம்பே கிடைக்கவில்லை. கை முழுக்கக் குத்திக் குத்திக் கறுத்துப் போயிருந்தது. அழுதாள். பாவம் என்று ஒரே செட்டோடு விட்டுவிட்டார்கள். நானாக இருந்தாலும் அன்று அப்படித்தான் விட்டிருப்பேன். அந்தச் சின்ன விஷயம் அன்றிரவு பெரிசாகிவிட்டது.

9/
ராத்திரி 1.30. வார்டு போன் அடித்தது. மைக்ரோபயாலஜி லேபில் இருந்து.

‘சார், அந்த 60 கவுண்ட் பொண்ணோட பாட்டில் அடிச்சிருச்சு. கிராம் பாசிட்டிவ் பேசிலஸ். ஒரு செட்தான் இருக்கு. கன்டாமினேஷன் மாதிரி இருக்கு சார்.’

‘சரி, காலைல ரிப்பீட் கல்ச்சர் அனுப்புறேன்.’

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட இல்லை. கேஸ் ஷீட்டில் எழுதினேன். வேறு கட்டிலில் ஒருவருக்கு ரத்தப்போக்கு, அங்கே போய்விட்டேன். பாப்பாவின் கட்டிலுக்குப் போய் அவளைப் பார்க்கவில்லை.

10/
‘கன்டாமினேஷன்’ என்றால் என்ன? ரத்தம் எடுக்கும்போது தோலில் இருந்தோ தூசியில் இருந்தோ ஏதாவது கிருமி பாட்டிலுக்குள் விழுந்துவிடும். அது நோயாளியின் ரத்தத்தில் இருந்தது இல்லை, நம் கைப்பிழை. இந்த பேசிலஸ் வகைக் கிருமிகள் மண்ணிலும் தூசியிலும் எங்கும் இருப்பவை. அதனால் ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் பெரும்பாலும் அது கலப்படமாகத்தான் இருக்கும். லேபில் இருந்தவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது பாட்டில் மட்டும்தான். நோயாளியைத் தெரிந்தவன் நான்.

11/
நான் யோசித்திருக்க வேண்டியது இது. கவுண்ட் 60. முந்தின இரவு வாந்தி. காய்ச்சல். பத்து மணி நேரத்துக்குள் பாட்டில் அடித்துவிட்டது. கலப்படமாக விழுந்த நாலைந்து கிருமி வளர்ந்து மெஷினுக்குத் தெரிய வழக்கமாக அதிக நேரம் ஆகும். சீக்கிரம் அடித்தது என்றால் ரத்தத்தில் நிறைய இருந்தது என்று அர்த்தம். இந்த நான்கையும் ஒரே வரியில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்குத் தூக்கம் போயிருக்கும்.

12/
இன்னொன்று. எங்கள் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. கவுண்ட் இல்லாத நோயாளியின் ரத்தத்தில் கிராம் பாசிட்டிவ் கிருமி வளர்ந்தால், அது எது என்று தெரியும் வரை வேன்கோமைசின் சேர்த்துவிடு என்று. எனக்கு அது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ‘கன்டாமினேஷன்’ என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் அந்தப் பக்கத்தையே மூளை மூடிவிட்டது.

13/
விடிகாலை 5.15. ‘சார், பிட்ஸ் வந்துருச்சு’ என்று சிஸ்டர் ஓடி வந்தார். ஓடினேன். வலிப்பை நிறுத்தினோம். வேன்கோமைசினும் ஏற்றினோம். சி.டி. ஸ்கேனில் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு, ரத்தக் கசிவு. மூன்றாம் நாள் பாப்பா போய்விட்டாள். அன்று காலைதான் கிருமியின் பெயர் வந்தது. பேசிலஸ் சீரியஸ்.

14/
இந்தக் கிருமியை 1887ல் ஃபிராங்க்லேண்ட் தம்பதி விவரித்தார்கள். லத்தீனில் சீரியஸ் என்றால் மெழுகு போன்றது. தட்டில் வளர்க்கும்போது மெழுகு படிந்த மாதிரி இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் ரயில் பெட்டிகளைக் கோத்து விட்ட மாதிரி வரிசையாகத் தெரியும். ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் ஆந்த்ராக்ஸ் அளவுக்குப் பேர் வாங்காத சொந்தம்.

15/
இதன் பெரிய பலம், ஸ்போர். சூழல் ஒத்துவராவிட்டால் விதை மாதிரி தன்னைச் சுருட்டி, ஓடு போட்டுக்கொண்டு கிடக்கும். அரிசியில் இந்த விதைகள் இருப்பது சகஜம். சோறு வடித்தாலும் சாகாது. சூடு ஆறி, சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகும். அதில் ஒரு நச்சையும் உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. 1970களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது.

16/
உடனே பயந்துவிடாதீர்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது வந்தால் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ஒரு நாளில் சரியாகிவிடும். நம் தாத்தா பாட்டி சாப்பிட்ட பழைய சோற்றை நான் குறை சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறேன். கவுண்ட் இல்லாதவரின் கதைதான் வேறு. அங்கே இதே கிருமி ரத்தத்துக்குள் போகும். திசுக்களைக் கரைக்கும் நச்சுகளை வெளியிடும். மூளைக்குப் போக இதற்குத் தனி விருப்பம் உண்டு. எதிர்க்க வெள்ளை அணு இல்லாததால் மணிக்கணக்கில் எல்லாம் முடிந்துவிடும்.

17/
சரி, ஆன்டிபயாட்டிக்தான் ஏற்றியாகிவிட்டதே, ஏன் கேட்கவில்லை என்று கேட்பீர்கள். கவுண்ட் குறைந்து காய்ச்சல் வந்தால் நாங்கள் முதலில் கொடுக்கும் மருந்துகள் சூடோமோனாஸ் போன்ற வேறு கொலைகாரக் கிருமிகளைக் குறி வைப்பவை. அவைதான் அதிகம் கொல்பவை, அதனால் அது சரியான முடிவே. ஆனால் பேசிலஸ் சீரியஸ் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைத்துப் போடும் நொதிகளை வைத்திருக்கிறது. அந்தக் குடும்பத்து மருந்தை நம்பி உட்கார முடியாது. இதற்கு வேன்கோமைசின்தான் வேண்டும்.

18/
இப்போது நான் சொல்ல வந்த இடம்.

உடலை வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடும்போது அந்த அம்மா என்னிடம் கேட்டார். வார்டில் யாரோ ‘சாப்பாட்டுல இருக்கிற கிருமியாம்’ என்று பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

‘சார், நான் குடுத்த அந்த எலுமிச்சை சோறு தானா சார்?’

நான் சொன்னது: ‘சொல்ல முடியாதும்மா. இருக்கலாம்.’

19/
‘இருக்கலாம்.’ மருத்துவ ரீதியாக அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. இந்தக் கிருமி மண்ணில் இருக்கும், தூசியில் இருக்கும், பாப்பாவின் குடலிலேயே ஏற்கெனவே இருந்திருக்கலாம், கையில் போட்ட டிரிப்ஸ் ஊசி வழியாகப் போயிருக்கலாம். ஜப்பானில் சில மருத்துவமனைகளில் சலவைக்குப் போய் வந்த துணிகளாலேயே பரவியிருக்கிறது. துவைத்த டவலில் ஸ்போர் உட்கார்ந்திருந்தது. இத்தனையும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

20/
அதைவிட முக்கியமாக, ராத்திரி 1.30க்கு ஒரு போன் வந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மா தன் கையால் ஊட்டிய நாலு வாய் சோற்றைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போனார். நான் என் பங்கையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டேன். 1.30க்கே மருந்து ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா? இந்தக் கிருமியின் வேகத்துக்கு, ஒருவேளை அப்போதும் பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் அந்த நாலு மணி நேரம் அவளுக்குச் சேர வேண்டியது.

21/
சில வருடம் கழித்து, வேறு ஊர், வேறு மருத்துவமனை. 40களில் இருக்கும் ஒரு லாரி டிரைவர். ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கவுண்ட் ஏறக்குறைய பூஜ்யம். வயிற்றுவலி, பிறகு காய்ச்சல். ராத்திரி லேபில் இருந்து போன், அதே வாக்கியம். ‘கன்டாமினேஷன் மாதிரி இருக்கு சார்.’ எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. ‘எத்தனை மணி நேரத்துல அடிச்சது? எத்தனை பாட்டில்?’ என்று கேட்டேன். இரண்டு செட், நாலு பாட்டில், நாலும் அடித்திருந்தது.

22/
பத்து நிமிடத்தில் வேன்கோமைசின் போனது. மறுபடி கல்ச்சர் எடுத்தோம். கையில் இருந்த பிக் லைனைக் கழற்றினோம், ஏனென்றால் இந்தக் கிருமி பிளாஸ்டிக் குழாயில் பாசி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் ஒரு சின்னச் சீழ்க்கட்டி. வாரக்கணக்கில் மருந்து. கவுண்டும் மெல்ல ஏறியது. பிழைத்தார். எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன், அவருடைய கவுண்ட் சரியான நேரத்தில் ஏறியதும் ஒரு காரணம்.

23/
டிஸ்சார்ஜ் அன்று அவர் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டார். ‘டாக்டர், நான் குடுத்த சாப்பாட்டுலயா வந்துச்சு?’ இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ‘அம்மா, எங்கிருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. குடல்ல இருந்து வந்திருக்கலாம், நாங்க போட்ட குழாயில இருந்தும் வந்திருக்கலாம். நீங்க இதைத் தலையில போட்டுக்காதீங்க. இனிமே என்ன செய்யணும்னு மட்டும் பேசுவோம்’ என்றேன். பேசி முடிக்க கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

24/
அந்தக் கால் மணி நேரத்தில் அவரிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காய்ச்சல். கீமோ எடுப்பவருக்கு ஒரு தடவை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ, அது அவசரம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். ‘பாராசிட்டமால் போட்டு விடியட்டும்’ என்ற பேச்சே வேண்டாம். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. குளிர் நடுக்கம், மயக்கம் வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

25/
இரண்டாவது, எமர்ஜென்சிக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: ‘இவருக்குக் கீமோ ஓடுது, காய்ச்சல் வந்திருக்கு, கவுண்ட் குறைவா இருக்கலாம்.’ வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும். கடைசியாகக் கீமோ எடுத்த தேதி, மருந்தின் பெயர், உங்கள் டாக்டரின் நம்பர் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது.

26/
மூன்றாவது, சாப்பாடு. கவுண்ட் குறைந்திருக்கும் நாட்களில் சமைத்ததைச் சூடாக அப்போதே சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த சோறு வேண்டாம். பழைய சோறும் அந்த நாட்களில் மட்டும் வேண்டாம். மீந்தால் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் அது வீட்டில் மற்றவர்களுக்கு. அதே சமயம் ‘பழமே கூடாது, எதுவுமே கூடாது’ என்று பட்டினி போடாதீர்கள். கடுமையான பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. நன்றாகக் கழுவி, தோல் உரித்துத் தரலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

27/
நான்காவது, கை. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் நிறையக் கிருமியைக் கொல்லும், ஸ்போரைக் கொல்லாது. சமைக்கும் முன், ஊட்டும் முன் சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஸ்போர் சாகாவிட்டாலும் தண்ணீரோடு போய்விடும். தோட்ட வேலை, மண் தொட்டி எல்லாம் கவுண்ட் ஏறிய பிறகு. கையில் குழாய் இருந்தால் அந்த இடம் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே காட்டுங்கள்.

28/
ஐந்தாவது, ரத்தப் பரிசோதனை. கல்ச்சருக்காக இரண்டு இடத்தில் குத்தும்போது ‘ஏன் சார் திரும்பத் திரும்பக் குத்துறீங்க?’ என்று கோபம் வரும். நியாயம்தான். ஆனால் ஒரு செட்டில் வளர்ந்தால் நிஜமா கலப்படமா என்று குழப்பம் வரும். இரண்டிலும் வளர்ந்தால் குழப்பமே இல்லை. அந்த இரண்டாவது குத்து பிள்ளையைப் படுத்தும் குத்து இல்லை.

29/
இதைப் படிக்கும் இளைய டாக்டர்களுக்கு ஒரே வார்த்தை. லேபில் இருந்து ‘கன்டாமினேஷன்’ என்று போன் வந்தால் போனை வைத்துவிட்டு அந்தக் கட்டிலுக்கு நடந்து போங்கள். கவுண்ட் பாருங்கள், முகத்தைப் பாருங்கள், எத்தனை மணி நேரத்தில் வளர்ந்தது என்று கேளுங்கள். நோயாளியைப் பார்க்காமல் கலப்படம் என்று முடிவு செய்யாதீர்கள்.

30/
கடைசியாக, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு ‘நான் குடுத்த சாப்பாடா, நான் தொட்ட கையா, நான் லேட்டா கூட்டிட்டுப் போனேனா’ என்று தினமும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கும், மனைவிமார்களுக்கும், பிள்ளைகளுக்கும். கவுண்ட் இல்லாத உடம்பில் கிருமிக்கு நூறு வாசல். நீங்கள் திறந்தது எந்த வாசலும் இல்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மா ஃபேஸ்புக்கில் இருக்க மாட்டார். அன்று சொல்லாமல் விட்டதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அம்மா, அந்தச் சோறுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்கு ஒரு போன் வந்தது. நான் எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டும்.

கீமோ எடுப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டியூட்டி முடிந்து வந்து பதில் சொல்கிறேன்.